விசாரணையும் விசாரிப்பும்

அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். பாயில் உட்கார்ந்திருந்த மற்ற எல்லாரும் அண்ணாந்து அவளைப் பார்த்தார்கள். படுத்தபடி செய்த பயிற்சி முடிந்ததும் நான் கேட்டது சாதாரணக் கேள்விதான்: "உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?" ஆசிரியர் பேர் சொல்லிக் கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்வது நம் வகுப்பறைப் பழக்கம். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே, "ஒரு மாதிரி இருந்துச்சு மேடம்" என்றாள். ஒரு மாதிரி என்றால் எப்படி என்று கேட்டேன். தெரியல மேடம். உடம்பில் எந்த இடத்தில்? தெரியல மேடம். எப்போது ஆரம்பித்தது, படுத்தவுடனேயா, கொஞ்ச நேரம் கழித்தா? நாடா இன்னொரு சுற்று இறுகியது. விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது. "நான் சரியா செய்யல மேடம். சாரி" என்றாள். உட்காருங்கள் என்று நான் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அந்தப் பெண்ணிடம் கேட்டு, அவள் சம்மதம் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். அவளை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே வைக்கவில்லை.

நான் 8 வார மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு நடத்துகிறவள். உடம்பிலும் மனசிலும் நடப்பதை, நடக்கும்போதே, சரி தப்பு பார்க்காமல் கவனிக்கப் பழகுவதுதான் அது. தமிழில் அதை என்னவென்று சொல்வது என்பதே தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம். விழிப்புணர்வு என்றால் டெங்கு விழிப்புணர்வு, சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வு என்று மனம் போகிறது. மனநிறைவு என்றால் பொருளே மாறிவிடுகிறது. வகுப்பில் நான் முழுக்கவனம் என்று சொல்லிச் சமாளிக்கிறேன். பயிற்சி முடிந்ததும் ஆசிரியர் மாணவர்களோடு பேசும் பகுதியை எங்களுக்குள் இன்குயரி என்போம். உலர்திராட்சையை மெதுவாகத் தின்னும் பயிற்சியோ, மூச்சைக் கவனித்து உட்காருவதோ, படுத்துக்கொண்டு உடம்பை ஒவ்வொரு பகுதியாகக் கவனித்து வரும் பாடி ஸ்கேனோ, எது முடிந்தாலும் அதன் பிறகு இது உண்டு. புதிதாகக் கற்பிக்க வருகிறவர்கள் மிகவும் பயப்படுவதும் இதற்குத்தான். பயிற்சியை நடத்த முன்னே எழுதிவைத்த வாசகங்கள் கை கொடுக்கும். இன்குயரியில் எதிரே இருப்பவர் என்ன சொல்வார் என்று யாருக்கும் தெரியாது.

இந்தப் பயிற்சி முறை பிறந்தது வகுப்பறையில் இல்லை, ஆஸ்பத்திரியில். 1979-இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின் இதைத் தொடங்கியபோது அவரிடம் வந்தவர்களில் பலர் நாள்பட்ட வலியோடு அலைந்தவர்கள். மருத்துவம் செய்ய முடிந்ததைச் செய்து முடித்த பிறகும் வலி விடாதவர்கள். பிறகு சிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் மூவரும் மனச்சோர்வு திரும்ப வராமல் தடுக்கும் சிகிச்சையாக இதை வளர்த்தார்கள். அந்த வழியில் பயிற்சி எடுக்கிறவர்களுக்கு இன்குயரிக்கு என்று மூன்று வளையங்கள் சொல்லித் தருவார்கள். உள்வளையம், என்ன நடந்தது என்பது: உடம்பில் என்ன தெரிந்தது, என்ன எண்ணம் ஓடியது. அடுத்த வளையம், அது வந்தபோது அதோடு என்ன செய்தீர்கள் என்பது: தள்ளப் பார்த்தீர்களா, பிடித்துக்கொண்டீர்களா, பேசாமல் விட்டீர்களா. வெளிவளையம், இதெல்லாம் வீட்டோடும் வேலையோடும் எப்படி ஒட்டுகிறது என்பது. உள்வளையத்தில் நிதானமாக நில்லுங்கள், வெளியே தாவ அவசரப்படாதீர்கள் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். நான் அதை அப்படியே நம்பினேன். அந்தப் பெண்ணிடமும் எங்கே, எப்போது, எப்படி என்று உள்வளையத்துக்குள்ளேயேதான் சுற்றினேன். படித்த விதிப்படி என் கேள்விகளில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எதைத் திருத்திக்கொள்வது என்றே தெரியவில்லை.

"சரி" என்று சொன்னதில் வந்த வினை

அந்தப் பெண் படித்த செவிலியர் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவிகளுக்குப் பாடவேளைக்குள்ளேயே இந்த வகுப்பைப் போட்டிருந்தார்கள். அவர்கள் விரும்பிச் சேர்ந்தவர்கள் இல்லை. வருகைப்பதிவும் உண்டு. பிரிட்டனில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 8000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து இந்தப் பயிற்சி பற்றி நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2022-இல் வெளிவந்தது. ஆசிரியர்களே முதலில் தாங்கள் கற்றுக்கொண்டு, பிறகு வகுப்பு முழுவதற்கும் நடத்தினார்கள். அந்தப் பள்ளிகளில் வழக்கமாக நடந்துவந்த வகுப்புகளைவிட இதனால் பிள்ளைகளின் மனநலம் கூடிவிடவில்லை. வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியைப் பெரும்பாலானவர்கள் செய்யவும் இல்லை. இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இந்த மாணவிகள் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் வேறொன்று புரிந்தது. கேட்டு வராத ஒருவரிடம் போய் உன் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், அது அவர் காதில் வாய்மொழித் தேர்வாகத்தான் விழும். வைவாவுக்கு நின்று பழகியவர்கள் நின்றுதானே பதில் சொல்வார்கள்?

அதோடு நம் மொழி வேறு. எனக்குக் கிடைத்த பயிற்சி முழுக்க ஆங்கிலத்தில். அந்தக் கேள்விகளைத் தமிழாக்கி எடுத்துப்போனேன். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு மேடம்" என்று கதவு சாத்திக்கொள்ளும். விருந்து சாப்பிட்டு வந்தவரிடமும் இதைத்தானே கேட்கிறோம்? நல்லா இருந்தது என்று சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு. "ஏன்" என்ற சொல் அதைவிடச் சிக்கல். நம் வீட்டில் ஏன் என்று வருகிற கேள்விகளை எண்ணிப்பாருங்கள். ஏன் லேட்டு, ஏன் சாப்பிடலை, ஏன் ஃபோன் எடுக்கலை. விளக்கம் கேட்கும் தொனி அதிலேயே ஒட்டியிருக்கிறது. ஒருவர் பேசி முடித்ததும் நன்றி சொல்லுங்கள் என்று எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். "நன்றி" என்று நான் சொன்னவுடன் மாணவிகள் மேடையில் பேசி முடித்தவர்களைப் போல விறைப்பாக உட்கார்ந்தார்கள். ஆகவே நன்றிக்குப் பதில் "சரி" என்று சொல்ல ஆரம்பித்தேன்.

இரண்டாம் வகுப்பில் ஒரு மாணவி, "உடம்பு லேசா ஆன மாதிரி இருந்துச்சு" என்றாள். காதில் விழுந்தது என்ற பொருளில் "சரி" என்றேன். அடுத்தவளும் லேசா இருந்துச்சு என்றாள். அதற்கடுத்தவளும் அதையே சொன்னாள். நாலாவது பெண்ணும் லேசு என்றபோதுதான் எனக்கு உறைத்தது. என் வாயிலிருந்து வந்த "சரி" அவர்கள் காதில் விடைத்தாளில் போடும் டிக் குறியாக விழுந்திருக்கிறது. ஆசிரியர் சொல்லும் சரிக்கு வேறென்ன பொருள் இருக்க முடியும்? மூன்றாம் வகுப்பில் "ஒரு மாதிரி" என்று சொன்ன பெண்ணுக்கு நான் சரி சொல்லவில்லை. மேலே மேலே கேட்டேன். அப்படியென்றால் தன் விடை தப்பு என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

ஆண்கள் வார்டில் ஒரு காலை

அடுத்த திங்கட்கிழமை அப்பாவுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை. ஒரு வகுப்பை ஒத்திவைத்துவிட்டு ஆஸ்பத்திரியில் இருந்தேன். அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். சர்க்கரை நோயில் காலில் புண், இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். காலையில் டாக்டர் வந்தபோது "வலி இருக்கா?" என்றார். "இருக்குங்கய்யா." "ரொம்பவா?" "ரொம்பத்தான்யா." குறிப்பெழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். வார்டு நிறைய ஆட்கள், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அரைமணி கழித்து டிரெஸ்ஸிங் மாற்ற ஒரு சிஸ்டர் வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு, அவர் கால் பக்கமாக உட்கார்ந்து, பழைய கட்டின் மேல் தண்ணீர்விட்டு ஊறவைத்தார். ஊறும்வரை செய்ய வேலை இல்லை. முகத்தைப் பார்க்காமல், கட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "என்ன தாத்தா, நேத்து மாதிரியேதான் இருக்கா, இல்ல வேற மாதிரி இருக்கா?"

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. கண்ணைச் சுருக்கிக் காலைப் பார்த்தார். யோசிப்பதுபோல இல்லை, காலிடமே கேட்டுக்கொள்வதுபோல இருந்தது. "நேத்து குத்துச்சும்மா. இன்னைக்குக் குத்தல் இல்ல. விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

"ம்" என்றார் சிஸ்டர். துணியின் ஒரு முனையைத் தூக்கிப்பார்த்துவிட்டு மறுபடி தண்ணீர் விட்டார். "நைட்டு?"

"நைட்டு முழுக்க..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "இல்ல. ரெண்டு மணி வாக்குல கொஞ்சம் அடங்குச்சு. ஆமா, அடங்கத்தான் செஞ்சுது. தூங்கியிருக்கேன் போல."

அந்தப் பெரியவரின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி முழுக்க வலி என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். கேட்டு முடித்தபோது வலிக்கு நடுவே ஒரு இடைவெளி இருந்தது அவருக்கே தெரியவந்தது. வூஸ்டரில் வலியோடு வந்தவர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து கண்டுகொண்டதும் இதைத்தான்: வலி என்ற ஒற்றைப் பாறாங்கல் இல்லை, குத்தலும் தெறிப்பும் அடங்கலுமாக அது மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த சிஸ்டர் இன்குயரி என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் நான் வருடக்கணக்கில் பழகியும் வராத ஒன்று அவர் கையில் இருந்தது. எந்தப் பதில் வந்தாலும் அவருக்கு ஒன்றுதான். தெறிக்கிறது என்றாலும் குத்துகிறது என்றாலும் கட்டு அதே பக்குவத்தில்தான் பிரிந்திருக்கும்.

இன்குயரியைத் தமிழில் எழுதும்போதெல்லாம் விசாரணை என்று எழுதிவந்தேன். அன்று மாலை வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சொல்லையே யோசித்துக்கொண்டிருந்தேன். விசாரணை என்றால் காவல் நிலையம், நீதிமன்றம், துறைரீதியான நடவடிக்கை. இதே வேரில்தான் "வீட்ல எல்லாரையும் விசாரிச்சதா சொல்லுங்க" என்பதும் இருக்கிறது. ஊரிலிருந்து வருகிறவரிடம் திண்ணையில் உட்காரவைத்து நலம் விசாரிக்கிறோம். அதில் பதில் கறப்பது நோக்கம் இல்லை. என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள ஆள் இருக்கிறது என்று காட்டுவதுதான் நோக்கம். திருவண்ணாமலையில் ரமணர் காட்டிய "நான் யார்" என்ற விசாரமும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். அது இன்னும் ஆழமான விஷயம், அதற்குள் போக எனக்குத் தகுதி போதாது. ஒன்று மட்டும் சொல்லலாம். அங்கே கேட்கிறவரும் கேட்கப்படுகிறவரும் ஒருவரே. என் வகுப்பில் இரண்டு பேர் இருக்கிறோம், அதில் ஒருவர் கையில் வருகைப்பதிவேடு இருக்கிறது.

கரும்பலகை நிறைந்தது

அடுத்த வகுப்பில் சில விஷயங்களை மாற்றினேன். வட்டமாக உட்கார்ந்தோம், நானும் பாயில். யாரும் எழுந்திருக்க வேண்டாம், யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன், பேசாமல் இருப்பதும் உங்கள் உரிமை என்று சொன்னேன். பயிற்சிக்கு முன்னால் வேறொரு வேலை செய்தோம். வார்டில் நோயாளிகள் வலியை என்னென்ன சொல்லால் சொல்கிறார்கள் என்று கேட்டேன். அதுவரை ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னவர்கள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்கள். குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுகடுப்பு, சுருக்சுருக், இழுத்துப்பிடிக்கிறது, பிசையிறது, மதமதப்பு, மரத்துப்போறது, நெஞ்சை அடைக்கிறது, படபடப்பு, அடிவயிறு கலங்கிறது, பாரமா அழுத்துறது. எழுதி மாளவில்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு உணர்வைச் சொல்ல வார்த்தை இல்லை என்று பயிற்சியாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், நானும் அதை ஒத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கரும்பலகையைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல என்னால் முடியாது. எங்கள் கேள்விகள்தான் அந்த வார்த்தைகள் இருக்கும் பக்கமே போகவில்லை.

பயிற்சி முடிந்ததும் அந்த சிஸ்டரின் கேள்வியையே கேட்டேன். போன தடவை மாதிரியே இருந்துச்சா, வேற மாதிரியா? யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. அந்த மௌனத்தில் உட்கார்ந்திருப்பது கஷ்டம், வாய் துறுதுறுக்கிறது. பிறகு ஒருத்தி, "வேற மாதிரிதான். போன தடவை தோள்பட்டை கல்லு மாதிரி இருந்துச்சு. இன்னைக்கு அது கீழ இறங்கி நடு முதுகுல நிக்குது" என்றாள். "ம்" என்றேன். அந்த "ம்" போதுமானதாக இருந்தது. இன்னொருத்தி, எனக்கு ஒண்ணுமே தெரியல, தூங்கிட்டேன் என்றாள். அதற்கும் அதே "ம்". நாடாவைச் சுற்றிய பெண் எதுவும் சொல்லவில்லை. நான் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க முயற்சி எடுக்கவேண்டியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இடது கால் பெருவிரல்

ஆறாவது வகுப்பு முடிந்து எல்லாரும் போய்க்கொண்டிருந்தார்கள். பெரிய ஜமுக்காளத்தை மடிக்க அவள் தானாகவே வந்து மறுமுனையைப் பிடித்தாள். ஜமுக்காளம் மடிக்கிறபோது இரண்டு பேரும் கிட்டே வந்து முனைகளைச் சேர்த்துவிட்டு மறுபடி விலக வேண்டும். இரண்டாவது தடவை கிட்டே வந்தபோது, "மேடம், அன்னைக்கு நீங்க இடது கால் பெருவிரல்னு ஆரம்பிச்சீங்கள்ல?" என்றாள்.

பாடி ஸ்கேன் இடது கால் விரல்களில் ஆரம்பிப்பது வழக்கம். எனக்குச் சொல்லித்தந்தவர்கள் அப்படித்தான் ஆரம்பித்தார்கள், நானும் அப்படியே ஆரம்பித்தேன். ஏன் என்று யோசித்ததே இல்லை. மல்லாந்து படுத்து, கைகளை உடம்பிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, கண்ணை மூடி, கவனத்தைக் கால் பெருவிரலுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த மூன்றாம் வகுப்புக்கு முந்தின நாள்தான் அவள் வார்டில் முதல்முறையாக லாஸ்ட் ஆபீஸ் வேலைக்கு, அதாவது இறந்தவரின் உடம்பைத் துடைத்துத் தயார்செய்யும் வேலைக்கு, கூட நின்றிருக்கிறாள். இறந்துபோனது ஒரு பாட்டி. உடம்பைத் துடைத்து, கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கடைசியில் கால்களைச் சேர்த்துவைத்துக் கட்டினார்கள். ஸ்டாஃப் நர்ஸ் முடிச்சுப் போடும்வரை இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றது இவள். மறுநாள் நான் மல்லாந்து படுக்கச் சொல்லி, பெருவிரலைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறேன். "மேல துப்பட்டா வேற போத்தியிருந்தேன் மேடம். ரெண்டு காலும் தானா ஒட்டிக்கற மாதிரி இருந்துச்சு. அதை எப்படி எல்லார் முன்னாடியும் சொல்றது?"

ஜமுக்காளம் எங்கள் நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. "ம்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே, "இப்ப சொல்லும்போது கால் சில்லுன்னு இருக்கு" என்றாள்.

"ரெண்டு காலுமா?"

அவள் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். விரல்களை அசைத்தாள். "இல்ல மேடம். இடது மட்டும்தான். வலது சும்மா இருக்கு."

அவ்வளவுதான் பேசினோம். ஜமுக்காளத்தை மடித்து முடித்தோம். பிறகு சில நடைமுறை விஷயங்களைச் சொன்னேன்: படுக்க வேண்டாம், நாற்காலியில் உட்காரலாம், கண்ணை மூட வேண்டாம், காலை விட்டுவிட்டுக் கையிலிருந்து ஆரம்பிக்கலாம், நடுவில் எழுந்து வெளியே போகலாம், என்னிடம் கேட்க வேண்டியதில்லை. இது பற்றிப் பேச ஆள் இருக்கிறதா என்று கேட்டேன். விடுதியில் ஒரு தோழியிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். ராத்திரியில் தொந்தரவு செய்தால் யாரைப் பார்க்கலாம் என்பதையும் சொன்னேன், ஏனென்றால் நான் மனநல மருத்துவர் இல்லை. தியானத்தில் வரும் கஷ்டங்களைப் பற்றி அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் வில்லோபி பிரிட்டன் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 59 வகை அனுபவங்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள், பயமும் அதில் உண்டு. கண்ணை மூடி உள்ளே பார் என்று சொல்கிற யாரும் அங்கே என்ன இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் தர முடியாது.

அவள் சொன்னதை என் கற்பித்தலின் வெற்றியாக எடுத்துக்கொள்ளும் ஆசை அந்த வாரம் முழுக்க எனக்கு இருந்தது. சக ஆசிரியர்களிடம் சொல்லும்போதே குரலில் ஒரு பெருமை ஏறியதை நானே கவனித்தேன். ஆனால் அவள் சொல்லாமலே போயிருந்தால்? அதுவும் அவளுக்கு நல்லபடியான முடிவாகவே இருந்திருக்கலாம். அந்தப் பாட்டியின் கால்களைப் பிடித்திருந்தது அவள் கை. அதைச் சொல்வதும் சொல்லாததும் அவள் விருப்பம். இன்குயரியை எதிரே இருப்பவரின் வாயைத் திறக்கவைக்கும் வித்தையாகச் சில பயிற்சி முகாம்களில் கற்றுத்தருகிறார்கள். யாராவது அழுதுவிட்டால் வகுப்பு ஆழமாகப் போனது என்று பேசிக்கொள்வதும் உண்டு. எனக்கு இப்போது அதைக் கேட்கவே பயமாக இருக்கிறது. "ஒரு மாதிரி" என்று அவள் சொன்னது முழுப் பதில்தான். அந்த நேரத்தில் அதற்கு அதைவிடப் பொருத்தமான பேர் இல்லை. இன்னும் பேர் வராத ஒன்றை அவள் உள்ளபடியே சொன்னாள், நான்தான் அதைப் பிய்த்துப் பார்க்க அவசரப்பட்டேன்.

எட்டாவது வகுப்பில் பாடி ஸ்கேனை உள்ளங்கையிலிருந்து ஆரம்பித்தேன். கால் பக்கம் போவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம் என்றேன். சிலர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள், சிலர் ஒருக்களித்துப் படுத்தார்கள். அவள் நாற்காலியை எடுக்கவில்லை. ஜன்னலோரப் பாயில் மல்லாந்து படுத்தாள், துப்பட்டாவைச் சுருட்டித் தலைக்கு அண்டை கொடுத்துக்கொண்டாள். வலது காலை நீட்டியிருந்தாள். இடது முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றியிருந்தாள். நான் தோள், கழுத்து, முகம் என்று சொல்லிக்கொண்டே போனபோது அந்தப் பாதத்தின் விரல்கள் நடுநடுவே பாயை லேசாக அழுத்திவிட்டு விட்டன.

மணி அடித்து எல்லாரும் எழுந்து உட்கார்ந்ததும், போன தடவை மாதிரியே இருந்துச்சா என்று பொதுவாகக் கேட்டேன். முதலில் பேசியது வேறொரு பெண். அவளுக்கு வலது காதுக்குப் பின்னால் ஒரு துடிப்பாம், இதற்கு முன் அதைக் கவனித்ததே இல்லையாம்.